ஒரு மணிக்குத் தவறிய புதுப்பிப்பு

மதியச் சாப்பாட்டுக்குப் பின் இயந்திரத்திலிருந்து வெளிவந்த முதற்பல் அன்றும் உடைந்திருந்தது. ஈறோரம் தாளைப்போல் மெலிந்து வரவேண்டிய விளிம்பில் ஒரு சிறு துண்டு காணாமற்போயிருந்தது. அத்துண்டு பொடியோடு பொடியாய் உறிஞ்சுகுழாய்க்குள் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். மிஞ்சியதை இடுக்கியால் எடுத்து விளக்குக்கு நேரே உயர்த்திக் காட்டினார் முதலாளி.

“மாப்ளே, இங்க வா. இது என்ன?”

“பல்லு, மாமா.”

“பல்லா? எலி கடிச்ச சோப்பு மாதிரி இருக்கு. இதை ஒருத்தன் வாயில வெச்சுக்கிட்டுச் சிரிக்க முடியுமா?”

மைத்துனன் முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, தரையில் படிந்திருந்த வெண்பொடியைப் பார்த்தவாறு நின்றான்.

“நல்லாக் கேட்டுக்கோ. இன்னும் ஒண்ணு உடைஞ்சா மாசக் கடைசியோட நீ கிளம்பிக்கலாம். பழைய ஆளு திரும்பி வரேன்னு சொல்லியிருக்கான். அவன் இருந்தவரைக்கும் ஒரு பல்லு உடைஞ்சதில்ல. சாப்பிட்டுட்டுத் தூங்கி வழிஞ்சுக்கிட்டே கட்டியை மாட்டினா இப்படித்தான்.”

இவ்வுரையாடல் முழுவதும் முன்னறையிற் கணினிக்கு முன்னால் அமர்ந்திருந்தவளுக்குத் தெளிவாகக் கேட்டது. அவள் முதலாளியின் மனைவி. மைத்துனனின் உடன்பிறந்த அக்காள். ஒரு காது கணவரையும் மறு காது தம்பியையும் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த வாயை அவள் திறக்கவில்லை.

அது பல் மருத்துவமனை அன்று. பல் மருத்துவர்களுக்குப் பல் செய்து கொடுக்கும் கூடம். ‘கேப்’ என்று எல்லாரும் சொல்லும் பல்லுறைகளும், விழுந்த பற்களுக்கு மாற்றாகக் கட்டும் பற்களும் அங்கே உருவாயின. மருத்துவர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை டப்பாவில் வைத்தோ, படமாகப் பென் டிரைவில் ஏற்றியோ அனுப்புவார்கள். முன்னறையில் முதலாளியின் மனைவி அதைக் கொண்டு கணினித் திரையிற் பல்லை வடிவமைப்பாள். நடுவறையிற் கடைசல் இயந்திரம் இருந்தது. அதில் தட்டுப் போன்ற வெண்கட்டியை மாட்டிக் கதவை மூடிவிட்டால், அருகிலிருக்கும் மற்றொரு கணினி வரிவரியாகச் சொல்லச் சொல்ல, ஊசிமுனைக் கருவி கட்டியைக் குடைந்து பல்லை வெளிக்கொணரும். அவ்வாறு வந்த பல்லை உலையில் வேகவைத்து, பின்னறையில் அமர்ந்திருக்கும் பூச்சுக்காரர் நிறமும் மெருகும் ஏற்றுவார். வாய்க்குச் சொந்தக்காரரை அவர்களில் ஒருவரும் கண்ணாற் கண்டதில்லை.

கம்ப்யூட்டரம்மா என்பதே முதலாளியின் மனைவிக்கு அங்கே வழங்கிய பெயர். தொலைபேசியிற் பேசும் மருத்துவமனைக்காரர்கள் முதற்கொண்டு, டப்பா கொண்டுவருகிறவர் ஈறாக எல்லாரும் அவளை அவ்வாறே அழைத்தனர். கூடத்துக் கணினிகளுக்கெல்லாம் அவளே காவல்.

அவளுடைய தம்பி அதற்குமுன் கைப்பேசிக் கடையில் இருந்தான். பின்பு பார்சல் அலுவலகத்தில் இருந்தான். அதன்பின் தங்கும் விடுதியொன்றின் வரவேற்பு மேசையில் இருந்தான். எந்த நாற்காலியும் சூடேறுமுன் எழுந்துவிடுவது அவன் வழக்கம். இங்கேதான், வந்த நாள் முதல், வேலை முடிந்த பின்னும் இயந்திரத்தின் கதவைத் துடைத்துக்கொண்டு நின்றான். முதல் பல் அவன் கையில் வந்து விழுந்தபோது அதைத் தன் நாக்கால் தன் பல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பவனைப்போல் வாயை அசைத்தான் என்று பூச்சுக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அப்படி அவனுக்குப் பிடித்துப்போன வேலை அது. கவனமில்லாதவன் என்று சொந்த அக்காள் கணவரே அனுப்பிவிட்டால் வேறெவரும் அவனைச் சேர்க்கப்போவதில்லை. இந்தத் தொழிலில் இருக்கும் கூடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு கூடத்தில் ஒருவர் தும்மினால் மற்றொரு கூடத்தில் கைக்குட்டை எடுப்பார்கள்.

பல் உடைவது நாள்தோறும் நடந்ததன்று. கடைவாய்ப்பல்லாக இருந்தால் ஒரு மெல்லிய வடுவோடு தப்பிவிடும். பூச்சுக்காரர் அதைத் தம் தூரிகையால் மூடிவிடுவார். கம்ப்யூட்டரம்மாளின் வடிவம் முடியத் தாமதமாகி இயந்திரம் பிந்திப் புறப்படும் நாள்களிலும் ஒன்றும் நேராது. முன்பல் ஒன்று மதியம் முதல் வேலையாக மாட்டப்பட்டால்தான் ஆபத்து. இந்த ஒழுங்கு அப்போது ஒருவருக்கும் புலப்படவில்லை. தம்பி வந்த பிறகு உடைகிறது, சாப்பாட்டுக்குப் பிறகு உடைகிறது என்னும் இரண்டு மட்டுமே எல்லாருக்கும் தெரிந்தன. இவ்விரண்டையும் முடிச்சுப் போட்டால் தம்பியின் வயிற்றில் கொண்டுபோய் விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

உண்மையைச் சொன்னால் கம்ப்யூட்டரம்மாளுக்கும் அந்த ஐயம் இருந்தது. மறுநாள் கை கழுவுமிடத்தில் அவனை மடக்கினாள்.

“டேய், மத்தியானம் மட்டும் கொஞ்சம் கம்மியாச் சாப்பிடேன்.”

“இப்ப என் தட்டையும் எட்டிப் பாக்க ஆரம்பிச்சிட்டியா?”

“அப்படியில்லடா. ஒரு மயக்கம் வரும்ல, எல்லாருக்கும் வர்றதுதான்.”

“எனக்கு வரலக்கா. திருகாணி நாலையும் சரிபாத்துட்டுத்தான் கதவை மூடுறேன். வேணும்னா வந்து பக்கத்துல உக்காந்து பாரு. கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாரு.”

கோபத்தில் சொன்ன அச்சொல்லை அவள் அழைப்பாகவே எடுத்துக்கொண்டாள்.

அன்று மதியமும் வழக்கம்போல் முதலாளி எல்லாக் கணினிகளையும் முறையாக அணைக்கச் சொன்னார். அணைந்தனவா என்று ஒவ்வோர் அறையாகப் பார்த்துவிட்டு, படிக்கட்டுக்கு அருகிலிருந்த மெயின் சுவிட்சைத் தம் கையாலேயே கீழே இழுத்தார். இது அவர் புதிதாக ஏற்படுத்திய சட்டம். தம்பி வேலையில் சேர்ந்த அதே வாரத்தில், பக்கத்துக் கட்டடத்து அச்சகத்தில், ஆளெல்லாரும் சாப்பிடப் போயிருந்த வேளையில் ஒரு கம்பி கருகிப் புகைந்தது. அன்றிலிருந்து, ‘ஆளில்லாத ரூம்ல கரண்டுக்கு என்ன வேலை’ என்பது அவருடைய வாய்ப்பாடாகிவிட்டது. உலைக்கு மட்டும் தனி இணைப்பு இருந்தமையால் அது தப்பித்தது. மின்விசிறி தப்பிக்கவில்லை. பின்னறையில் எல்லாரும் டப்பா மூடிகளால் விசிறிக்கொண்டே சாப்பிட்டனர்.

“முதலாளி, கரண்டுக்கு லீவு குடுத்தீங்க. காத்துக்கு எதுக்கு லீவு?” என்று பூச்சுக்காரர் நாள்தோறும் கேட்பார்.

“வேர்த்தா உடம்புக்கு நல்லது,” என்று முதலாளியும் நாள்தோறும் சொல்லுவார்.

சாப்பாடு முடிந்து சுவிட்சு மேலேறியதும் கம்ப்யூட்டரம்மாள் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு நடுவறைக்குப் போனாள். தம்பி அவளை ஒருமுறை பார்த்தான். கணினியை இயக்கினான். கட்டியை எடுத்து இருபுறமும் காற்றடித்துத் தூசு நீக்கினான். வளையத்துக்குள் பொருத்தினான். திருகாணிகளை ஒன்றுக்கொன்று எதிரெதிராக முடுக்கினான். மீண்டும் ஒரு சுற்று வந்தான். வகுப்பறையில் மேற்பார்வையாளர் முன் பாடம் நடத்துகிறவரைப்போல் ஒவ்வொன்றையும் சற்று மிகையான பொறுமையோடு செய்தான். குறை சொல்ல இடமில்லை. கதவை மூடினான்.

இயந்திரத்துக் கணினியின் திரைக்கு நெகிழித்தாளால் ஓர் உறை போட்டிருந்தார்கள். அறையெங்கும் பறக்கும் வெண்பொடி படிந்து படிந்து அவ்வுறை பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தது. தம்பி அதன் ஒரு மூலையை மட்டும் தூக்கி, தொடங்கும் பொத்தானை அழுத்திவிட்டு, உறையைப் பழையபடி விட்டான். அவனுக்கு அத்திரையில் வேண்டியது அந்த ஒரு பொத்தான்தான்.

இயந்திரம் நூல் பிடித்தாற்போல் ஒரே சுருதியில் ரீங்கரிக்கத் தொடங்கியது. அன்று மாட்டியிருந்தது கடைவாய்ப்பல். கம்ப்யூட்டரம்மாள் தம்பியின் கண்ணிமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை விழித்தே இருந்தன. சற்றுநேரத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமற்போயிற்று. அழுக்கைக் கண்டால் அவள் கை சும்மா இராது. கைக்குட்டையை எடுத்து உறையைத் துடைத்தாள். துடைத்தும் போகாததால் உறையையே கழற்றிவிட்டாள்.

திரையின் கீழ்மூலையில் ஒரு சிறு கேடயம் சுழன்றுகொண்டிருந்தது. வைரஸ் தடுப்பு மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதாக அதன் பக்கத்தில் எழுதியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவ்வெழுத்து மாறி, கோப்புகளைச் சோதிப்பதாக அறிவித்தது. அந்த நொடியில் இயந்திரத்தின் ரீங்காரம் இடறியது. ஊசிமுனை நின்ற இடத்திலேயே நின்று சுழன்றது, பின்பு நகர்ந்தது, மீண்டும் நின்றது.

“என்னடா இது?”

“எது?”

“இப்ப நின்னு நின்னு போச்சே, அது.”

“ஓ, அதுவா. விக்கல். சாப்பாட்டுக்கு அப்புறம் இதுக்கும் விக்கல் வரும்கா. கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடும்.”

“இதை ஏண்டா நீ யார்கிட்டயும் சொல்லல?”

“மிஷின்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். நான் வேற எந்த மிஷினைப் பாத்திருக்கேன்?”

அவன் சொன்னதில் பொய்யில்லை. வந்த நாள் முதல் மதியந்தோறும் விக்கிய இயந்திரம் ஒன்றை மட்டுமே அறிந்தவன், விக்கலை இயந்திரத்தின் இயல்பு என்று கொண்டது குற்றமாகாது. பழைய ஆள் கேட்டிருந்தால் உடனே திடுக்கிட்டிருப்பான். ஆனால் பழைய ஆள் இருந்தவரையில் மெயின் சுவிட்சு மதியத்தில் கீழே இறங்கியதேயில்லை.

இந்த எண்ணம் வந்ததும் கம்ப்யூட்டரம்மாளுக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாயிற்று.

சென்ற ஆண்டு ஏதோவொரு மருத்துவமனையின் பென் டிரைவில் ஏறிவந்த வைரஸ் ஒன்று, கூடத்துக் கணினிகளில் இருந்த கோப்புறைகளையெல்லாம் ஒளித்து வைத்துவிட்டு, அவற்றின் பெயரில் போலிகளை நிறுத்திவிட்டுப் போனது. ஒளிந்தவற்றை அவள் மீட்டுவிட்டாள். மீட்டபோதுதான் தடுப்பு மென்பொருள் பல மாதங்களாகப் புதுப்பிக்கப்படாமல் கிடந்ததைக் கண்டாள். புதுப்பிக்கட்டுமா என்று அது பணிவோடு கேட்கும்போதெல்லாம், வேலை நடுவில் இருந்த எல்லாரும் ‘பிறகு’ என்னும் பொத்தானை அழுத்தி அனுப்பியிருந்தனர். காவற்காரனுக்குப் புதுத் திருடர்களின் முகத்தைக் காட்டாமல் வாசலில் மட்டும் நிறுத்திவைத்திருந்தது போன்ற செயல் அது.

அவள் உடனே அமைப்புகளைத் திறந்து, கேட்காமலே புதுப்பித்துக்கொள்ளும்படி மாற்றினாள். மென்பொருளின் விருப்பத்துக்கே விட்டிருந்தால் அது சில மணிக்கொருமுறை புதுப்பித்துக்கொள்ளும். புதுப்பித்த கையோடு, புதிதாகக் கற்றதைக் கொண்டு கோப்புகளையெல்லாம் துழாவும். வேலைக்கு இடையூறு வேண்டாமே என்று எண்ணி, நாளுக்கு ஒருமுறை, மதியம் ஒரு மணிக்கு, எல்லாரும் சாப்பிடும் வேளையில் என்று நேரம் குறித்தாள். அதற்குக் கீழே மற்றொரு வரி இருந்தது: ‘குறித்த நேரத்தில் தவறினால், கணினி இயங்கத் தொடங்கியதும் செய்க.’ விடுமுறை நாள்களை நினைத்து அதற்கும் ஒரு குறி போட்டாள். ஒருமுறை சரியாக வைத்துவிட்ட ஒன்றை மறுபடி நினைத்துப் பார்ப்பது அவள் பழக்கமன்று.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு கணவர் தம் எச்சரிக்கையைச் சட்டமாக்கினார். ஒரு மணிக்கு மென்பொருள் விழித்திருக்கவேண்டிய வேளையில் கணினியே உறங்கியது. தவறிய கடமையைச் சாப்பாடு முடிந்து கணினி எழுந்ததும் அது செய்தது. அந்த நேரத்தில்தான் தம்பி கட்டியை மாட்டினான். கணினி கோப்புகளைத் துழாவுவதில் மூழ்கிவிட, அடுத்த வரி வந்து சேராத இயந்திரம் நின்ற இடத்தையே குடைந்துகொண்டு நின்றது. தடித்த கடைவாய்ப்பல் அதைப் பொறுத்துக்கொண்டது. முன்பல்லின் விளிம்பு பொறுக்கவில்லை.

அக்காளின் முன்யோசனை ஒன்று. அவள் கணவரின் முன்யோசனை மற்றொன்று. இரண்டும் வாழ்நாளில் ஒருமுறையும் ஒன்றையொன்று சந்தித்துப் பேசியதில்லை.

அவள் அன்று ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. உறுதிப்படாத ஒன்றைச் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. புதுப்பிக்கும் நேரத்தைக் காலையில் கூடம் திறந்து மேசை துடைக்கும்போது ஒருமுறை, மாலையில் இயந்திரத்துக்குத் தூசு தட்டும்போது ஒருமுறை என்று மாற்றிவிட்டு, காத்திருந்தாள். வாரம் ஒன்று கடந்தது. மதியத்தில் மாட்டிய முன்பற்கள் ஒவ்வொன்றும் முழுதாக வந்தன. விக்கல் நின்றது.

அவள் எதிர்பாராத ஒன்று அதன்பின் நடந்தது. பற்கள் உடையாமைக்குக் காரணம் முதலாளிக்கும் தெரிந்துபோயிற்று.

“பாத்தியா, ஒரு சத்தம் போட்டேன். கை தன்னால ஒழுங்காயிடுச்சு,” என்றார் பூச்சுக்காரரிடம். பழைய ஆளுக்கு, இனி வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினார். மற்றொரு கூடத்தின் உரிமையாளரிடம் தொலைபேசியில், “நம்ம பையன்தான். கொஞ்சம் அசட்டையா இருந்தான். மிரட்டி வெச்சேன், இப்பத் திருந்திட்டான். நீங்களும் உங்க ஆளுங்களை ஒருதரம் மிரட்டிப் பாருங்க,” என்று இலவசமாக வைத்தியமும் சொன்னார். கூடத்துச் சுவர்களுக்குக் கனம் போதாது. நடுவறையில் இயந்திரம் அப்போது ஓய்ந்திருந்தது.

அன்று மாலை தம்பி அக்காளின் மேசைக்கு வந்து நின்றான்.

“மாசக் கடைசில நான் கிளம்பறேன்கா.”

“ஏண்டா? இப்பத்தான் ஒண்ணும் உடையலையே. அவரும் போகச் சொல்லலையே.”

“உடைக்கிறவன்னு சொன்னப்பக்கூட இருந்துட்டேன். ஏன் உடையுதுன்னு எனக்கே தெரியல, அதனால. இப்பத் திருந்திட்டான்னு ஊரெல்லாம் சொல்றாரு பாரு, அதைத் தாங்க முடியல. அன்னிக்கு எப்படி மாட்டினேனோ அப்படியேதான் இன்னிக்கும் மாட்டுறேன்.”

கம்ப்யூட்டரம்மாள் அவனை உட்காரவைத்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். கேட்டுமுடித்ததும் அவன், “இதை என்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? மாமாகிட்டச் சொல்லு,” என்றான்.

சொன்னாள். மறுநாள் காலையில், கணவர் வந்த டப்பாக்களைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள். அவர் கேட்டுமுடித்துவிட்டுச் சிரித்தார்.

“தம்பிக்கு வக்காலத்து வாங்குறதுன்னா இப்படியா சுத்தி வளைக்கணும்? மெயின் சுவிட்சுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?”

“சம்பந்தம் இருக்குங்க. நான் வெச்ச நேரமும் நீங்க அணைக்கிற நேரமும் ஒண்ணு.”

“அப்ப என்மேல தப்புங்கிற.”

“என்மேலயும்தான். ரெண்டு பேருமே நல்லதுதான் செஞ்சோம்.”

“நல்லது செஞ்சா பல்லு உடையுமா? பழைய ஆளு இருந்தப்பவும் அதே ஆன்ட்டிவைரஸ்தானே இருந்துச்சு?”

“அப்ப நீங்க சுவிட்சை அணைக்கல.”

அவர் ஒரு கணம் தயங்கினார். தயங்கியதை மறைக்கக் குரலை உயர்த்தினார்.

“சரி, ஒண்ணு செய். இன்னிக்கு எல்லாத்தையும் பழையபடி வை. உன் ஒரு மணி, உன் குறி, எல்லாம். கட்டியை நானே மாட்டுறேன். முழுசா வெளிய வந்தா இந்தப் பேச்சை அதோட விட்டுடணும்.”

“வந்தா விட்டுடறேன். ஆனா சும்மா ஒரு மாதிரிப் பல்லைப் போட்டுப் பாருங்க. நிஜ வேலை வேணாம்.”

“விளையாட்டுக்குக் கட்டியைக் கரைக்கவா? இன்னிக்கு என்ன முன்பல்லு இருக்கு?”

மேடை நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்கும் ஒருவருடைய முன்பல் இருந்தது. மாலையில் மருத்துவமனை அதற்கு ஆளனுப்பும். மறுநாள் அம்மனிதர் மேடையேறவேண்டும். அதையே போடும்படி முதலாளி சொல்லிவிட்டார். மறுத்தால், ‘உனக்கே நம்பிக்கையில்லை’ என்பார். ஆகவே, கட்டியில் மற்றொரு பல்லுக்கு இடம் மிஞ்சும்படி அப்பல்லை ஓரமாக ஒதுக்கிவைத்தாள். பின்பு கணவர் பார்த்துக்கொண்டிருக்க, நேரத்தை மதியம் ஒரு மணி என்று மாற்றி, கீழ்வரிக்கும் குறியிட்டாள்.

சாப்பாட்டு வேளையில் பூச்சுக்காரர்கூடக் காற்றைப் பற்றிக் கேட்கவில்லை. முதலாளி வழக்கத்துக்குப் பாதியே சாப்பிட்டார் என்பதைத் தம்பி கவனித்தான்.

சுவிட்சு மேலேறியது. முதலாளி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நடுவறைக்குள் நுழைந்தார். அவரும் அந்த இயந்திரத்தில் பழகியவர்தாம். அதை வாங்கிய நாளில் முதல் பல்லைக் கடைந்தவர் அவரே. கட்டிக்குக் காற்றடித்தார். வளையத்தில் பொருத்தினார். திருகாணிகளை எதிரெதிராக முடுக்கினார். தம்பி செய்வதற்கும் அவர் செய்ததற்கும் மயிரிழை வேறுபாடும் இல்லை. கதவை மூடி, தொடங்கும் பொத்தானை அழுத்திவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மற்ற மூவரும் கதவருகில் நின்றனர்.

ரீங்காரம் சீராக எழுந்தது. முதலாளி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அப்பார்வை, பார்த்தாயா என்று கேட்டது.

சிறிதுநேரம் சென்றதும் ரீங்காரம் இடறியது. நின்றது, போயிற்று, மறுபடி நின்றது. கண்ணாடிக் கதவுக்குள் ஊசிமுனை பல்லின் விளிம்பில் ஊன்றிச் சுழல்வது எல்லாருக்கும் தெரிந்தது. மெல்லிய ஒரு சத்தம் கேட்டது. அதன்பின் இயந்திரம், ஒன்றும் நடவாததுபோல், தன் வேலையைத் தொடர்ந்தது. முதலாளி அதை நிறுத்தவில்லை. முடியும்வரையில் நின்று பார்த்தார். முடிந்ததும் கதவைத் திறந்து பல்லை எடுத்தார். விளிம்பில் ஒரு துண்டு இல்லை.

“மிஷின் பழசாயிடுச்சு,” என்றார்.

“நேத்துவரைக்கும் பையன் புதுசுன்னீங்க. இன்னிக்கு மிஷின் பழசா, முதலாளி?” என்றார் பூச்சுக்காரர்.

கம்ப்யூட்டரம்மாள், திரைக்கு மறுபடி போட்டிருந்த உறையைத் தூக்கிப் பிடித்தாள். கேடயம் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. ஒரு மணிக்குத் தவறிய புதுப்பிப்பு நிறைவேறியதென்றும், கோப்புகள் சோதிக்கப்படுகின்றன என்றும் அதன் பக்கத்தில் எழுதியிருந்தது. அவர் குனிந்து அவ்வரியைப் படித்தார். பின்பு படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அங்கிருந்து சுவிட்சு தெரியாது, இருந்தாலும் பார்த்தார்.

“சுவிட்சை அணைக்கிறதை விடமுடியாது,” என்றார்.

“விடவேணாம். நேரத்தைத்தான் மாத்திக்கணும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.”

“ஒரு நாளைக்கு ரெண்டு தரமா?”

“ரெண்டு தரம் போதும். அதுவும் மிஷின் சும்மா இருக்கிறப்ப.”

சோதனை முடிந்து கேடயம் அசைவற்று நின்றதும் அவள் அமைப்பை அங்கேயே மாற்றினாள். அவர் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். மாலைக்குள் அந்த மேடைக்காரருக்குப் பல் வேண்டும் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் நினைவுக்கு வந்தது. உலையில் வேகவும், பூச்சு ஏறவும் நேரம் வேண்டும். பூச்சுக்காரர் தம் தூரிகைகளைக் கழுவப் போனார்.

முதலாளி கட்டியைக் கையில் எடுத்தார். அதன் ஓரத்தில் உடைந்த பல் இருந்த பள்ளமும், மிஞ்சிய வெற்றிடமும் இருந்தன. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மைத்துனனிடம் நீட்டினார்.

“நீயே போடு.”

தம்பி கையை நீட்டவில்லை.

“போட்டா, அதையும் பயத்துல போட்டான்னு சொல்வீங்க.”

அக்காள் குறுக்கே வரவில்லை. முதலாளி கட்டியை இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். எதிர்முனையில் குரல் வரும்வரையில், திறந்திருந்த கண்ணாடிக் கதவின்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“ஆமாங்க, நான்தான். சாப்பிட்டாச்சா? ஒண்ணுமில்ல, அன்னிக்கு நம்ம பையனைப் பத்திச் சொன்னேன்ல. அது அப்படியில்ல. அவன் கையில தப்பு கிடையாது. இல்ல இல்ல, திருந்தவும் இல்ல. திருந்துறதுக்கு ஒண்ணும் இல்ல. ஆன்ட்டிவைரஸ் ஒரு நேரத்துல ஓடணும், நான் அந்த நேரத்துல கரண்டை நிறுத்திட்டேன். பல்லை உடைச்சது அதுதான். இன்னிக்கு என் கையிலயே உடைஞ்சுது. ஆமா, என் கையிலதான். சிரிச்சுக்கோங்க. உங்க ஆளுங்களை மிரட்டிட்டீங்களா? மிரட்டலைன்னா விட்டுடுங்க. முதல்ல அந்த அப்டேட் எத்தனை மணிக்கு ஓடுதுன்னு பாருங்க.”

எதிர்முனைக்காரர் நெடுநேரம் சிரித்திருக்கவேண்டும்; முதலாளி கைப்பேசியைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்திருந்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தம்பி முகக்கவசத்தை மேலே இழுத்துக்கொண்டான். கட்டியை எடுத்துக் காற்றடித்தான். வளையத்தில் பொருத்தி, திருகாணிகளை முடுக்கினான். மீண்டும் ஒரு சுற்று வந்தான். பின்பு நிமிர்ந்து, இன்னும் கதவின்மேல் ஊன்றியிருந்த கையைப் பார்த்தான்.

“கையை எடுங்க மாமா. கதவை மூடணும்.”

முதலாளி கையை எடுத்துக்கொண்டார்.